ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, இதில் பாதிதான் நான் கண்ணால் பார்த்தது. மிச்சம் பாப்பாத்தி அக்கா சொன்னது. நான் சொல்லப்போகிற வீட்டில் அவர் சமையல் வேலை. சாயங்காலம் நான் ஏறுகிற பஸ்ஸில்தான் அவரும் வருவார். சமையல்கட்டிலிருந்து காதில் விழுந்த பேச்சு என்பதால் உப்பும் காரமும் கொஞ்சம் கூடியிருக்கலாம். பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். 'படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று நாலு பேர் நம்பிவிடுவார்கள். அதனால் ஒரு வார்த்தை தப்பாக வந்துவிடக் கூடாதே என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். பயம் நல்லதுதானே?

உட்காருங்கள். எங்கள் டிராவல்ஸ் சார் பேங்க் வரைக்கும் போயிருக்கிறார், வந்துவிடுவார். சுவரில் இருக்கிற அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டீர்களே, அதே ஊர்தான். ஆஸ்திரியா. ஊர்ப் பெயர் என் வாயிலேயே ஒரு வாரம் நுழையவில்லை, உங்களை எதற்குக் கஷ்டப்படுத்துவது. மேலே பனிமலை, கீழே ஏரி, ஏரியைச் சுற்றிச் சமதளமாக ஒரு சைக்கிள் பாதை. கார் வராது, லாரி வராது. கால் வலித்தால் ஒரு குட்டி ரயில் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஹோட்டலுக்கே திரும்பிவிடலாம். பெட்டியை அவர்களே தூக்கி வருவார்கள். ஒரு குடும்பம் சாவகாசமாக ஊர் சுற்ற அதைவிட நல்ல இடம் இல்லை. இதை நான் நம்பித்தான் சொல்கிறேன், விற்பதற்காகச் சொல்லவில்லை.

படத்தில் இருக்கிற அந்தக் குடும்பத்துக்கு, ஒன்பது ராத்திரிக்கான முழுத் திட்டமும் போட்டது நான்தான்.

குமாரசாமி ஐயா என்று, அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி. கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு. முழங்கால் டாக்டர் அவரிடம் 'நடக்காதீங்க, சைக்கிள் மிதிங்க' என்று சொல்லியிருக்கிறார். மிதிப்பதென்று ஆனபின் திருப்பூர் தூசியில் எதற்கு மிதிப்பது, குடும்பத்தோடு போய் நல்ல காற்றில் மிதிப்போம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சார் என்னை அனுப்பினார். எனக்கு அது முதல் பெரிய வேலை. சுடிதாரை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

வீட்டம்மா சரோஜினி. நல்ல மனுஷி அக்கா, என்னை அவர் ஒருநாளும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. மகன் தரணீதரன், கம்பெனியில் ஏற்றுமதி பார்க்கிறார், அதிகம் பேச மாட்டார். மகள் மிருதுளா, கல்யாணமாகி மூன்றாவது வருடமே திரும்பி வந்துவிட்டவர். அப்புறம் மருமகள் கோகிலவாணி, தரணீதரனின் மனைவி. கோகிலா என்று கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு பெண் குழந்தை, தன்ஷிகா, ஒன்றாம் வகுப்பு. நான் போனபோதெல்லாம் தன்ஷி அத்தை மிருதுளாவின் மடியில்தான் இருந்தாள். ராத்திரி பாட்டி அறையில், பாட்டிக்கும் அத்தைக்கும் நடுவில் படுப்பாளாம். எனக்கு அது அன்னியோன்னியமாகத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள்.

முதல் நாள் நான் படங்களைக் காட்டி விளக்கினேன்.

"பேட்டரி சைக்கிளுங்கம்மா. லேசா மிதிச்சாப் போதும், அதுவே தள்ளிக்கும்" என்றேன்.

"அப்ப அது சைக்கிளா, மோட்டாரா?"

"சைக்கிள்தானுங்க."

"மிதிக்காமப் போறதுக்கு அவ்வளவு தூரம் எதுக்குங்க போறது, நம்ம எக்ஸெல்ல ஏறிச் சூலூரு போய்ட்டு வந்தாப் பத்தாதா?" என்றார் சரோஜினி அம்மா. ஐயா சிரித்துவிட்டார்.

"அங்க சோறு கெடைக்குமா கண்ணு?"

"கிச்சன் இருக்கிற ரூமுங்கம்மா. குக்கர் கொண்டு போலாம்."

"ரசப்பொடி?"

"கொண்டு போலாமுங்க."

"அப்பச் சரி. மலை எங்கியும் போயிராது, ரசம்தான் முக்கியம்."

இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது கோகிலா அக்கா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் குனிந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார், மெதுவாக.

"ஏனுங்க, ரூம் எப்படிங்க? எங்க மூணு பேருக்கும் ஒரே ரூமுங்களா?"

"ஆமாங்க்கா. அந்த ஊர்ல அப்படித்தான் தருவாங்க. அப்பா, அம்மா, குழந்தை, ஒரு ரூம். ஏரி தெரியும்."

"கொழந்தை எங்க கூடவேங்களா?"

"உங்க கூடவேதான்."

அவர் டம்ளர் தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஏரி தெரிகிற அறை என்றதும் எல்லோரும் அப்படித்தான் ஆவார்கள். அது என் தொழிலில் நல்ல அறிகுறி. பாப்பாத்தி அக்கா வேறு மாதிரி சொல்கிறார். அன்று மதியம் சின்ன வெங்காயம் உரிக்கும்போது கோகிலா, "ஒம்போது ராத்திரி புள்ள எம்பக்கத்துல படுக்குமாட்ட இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்து, வெங்காயத்தைத் திட்டினாராம். நான் பார்க்கவில்லை.

அடுத்துத்தான் அந்த விதி வந்தது. சைக்கிள் தெரியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வாடகைக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். மறைக்கக் கூடாதல்லவா.

சரோஜினி அம்மா, "முட்டி வலிக்கு எனக்கு அது ஒண்ணு போட்டுரு கண்ணு" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மத்தபடிக்கு ஓட்டத் தெரிஞ்சவங்க வரட்டும். தெரியாதவங்க வீடு பாத்துக்கட்டும். அந்த ஊருக்குப் போய் ஆரு ஆரப் புடிச்சுத் தள்றது? மாடும் கன்னும் இல்லாட்டியும் வீட்டுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது. கோகிலா அக்காவுக்கு சைக்கிள் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏற்காட்டில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்த பெண், மலைமேல் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? கல்யாணத்தில் தரகர் சொன்னதே அந்தக் கான்வென்ட்டைத்தான். 'ஏற்காட்டுல படிச்ச புள்ளைங்க' என்றுதான் சரோஜினி அம்மா சொந்தக்காரர்களிடம் மருமகளை அறிமுகப்படுத்துவார். அந்த வீட்டில் கோகிலா அக்காவுக்கு இருந்த ஒரே மரியாதை அது என்று பாப்பாத்தி அக்கா சொல்வார். சமையல்காரர்கள் கொஞ்சம் பெரிதுபடுத்துவார்கள்.

"மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை கம்பெனி லீவு. கண்டெய்னர் திரும்புற எடத்துல எல்லாரும் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. இந்தப் புள்ளையே வந்து பாக்கட்டும், படிச்ச புள்ள, நாயமாச் சொல்லும்" என்றார் ஐயா.

நியாயமாகச் சொல்வேன் என்று ஒருவர் நம்பி அழைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

நடுவில் இருந்த நாட்களின் கதை பாப்பாத்தி அக்கா சொன்னது. கோகிலாவுக்கு சைக்கிள் தெரியும். நன்றாகவே தெரியும். கோபிப் பக்கம் அவர் அப்பாவுக்கு மஞ்சள் காடு. பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் கோகிலா படித்தது ஊருக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில். அரசு கொடுத்த சைக்கிளில்தான் போய் வந்தார். பத்தாவதோடு கான்வென்ட் முடிந்தது. கல்யாணத்தின்போது அதை யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. "அவங்களா நெனச்சுக்கிட்டா நாம போய் எதுக்குத் திருத்தறது?" என்று அவர் அப்பா சொன்னாராம்.

கோகிலா சொல்லலாம் என்றுதான் இருந்தாராம். கல்யாணமான புதிதில், வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் மகள், பள்ளியில் சைக்கிள் கொடுத்த அன்று அதைக் காட்ட வந்திருக்கிறாள். சைக்கிளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சரோஜினி அம்மா மாடியிலிருந்து, "அந்தக் கவருமெண்டு சைக்கிள கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லு. பாக்கறவங்க நம்மூட்டுதுன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றாராம். கோகிலா அப்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் புருஷனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். தரணீதரன் சிரித்துவிட்டு, "அம்மாகிட்ட வாய உட்றாத" என்றாராம். அதோடு சரி.

இப்போது ஓட்டினால் கேள்வி வரும். ஓட்டாவிட்டால் குழந்தை மட்டும் போகும். "இப்பத்தான் கீழே விழுந்து விழுந்து கத்துக்கிட்ட மாதிரி ஓட்டறேன்க்கா. அதுல ஆருக்கும் ஒண்ணும் தெரியாது" என்று பாப்பாத்தி அக்காவிடம் சொன்னாராம். புருஷனிடமும் கேட்டிருக்கிறார்.

"நான் ஓட்டட்டுங்களா?"

"உன்ற இஷ்டம்."

"ஆராச்சும் கேட்டா நீங்க சொல்லித் தந்ததாச் சொல்லுவீங்களா?"

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் சரி என்றுதானே அர்த்தம்? கோகிலா அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நான் பார்த்தது. புதிதாக வாங்கிய சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஐயா முதலில் ஏறினார். வாட்ச்மேன் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார். "உட்றாத, உட்றாத" என்று ஐயா கத்தினார். "உட்டு ரொம்ப நேரமாச்சுங்கய்யா" என்று வாட்ச்மேன் தூரத்திலிருந்து சொன்னதும் அப்படியே சாய்ந்து பஞ்சு மூட்டைமேல் விழுந்தார். எல்லோரும் சிரித்தோம். மிருதுளா தலைக்கவசம், கையுறை, முழங்கால் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். நேராகப் போகத் தெரிந்தது, திரும்பத் தெரியவில்லை. காம்பவுண்டுச் சுவர்வரை போய், இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, மறுபடி ஏறி வந்தார்.

"ஏரி உருண்டையா இருக்குதுங்க்கா, அங்க சுவரு இல்லீங்களே" என்றேன். உண்மையைச் சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்? மிருதுளா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தரணீதரன் ஓட்டினார். சுமார். தன்ஷிகூடப் பின்னால் குட்டிச் சக்கரங்கள் வைத்த சைக்கிளில் ஒரு சுற்று வந்தாள்.

"அவ்வளவுதானே? சாப்பிடலாம் வாங்க" என்று சரோஜினி அம்மா எழுந்தார்.

"அத்தை, நானும் ஒரு ரவுண்டு பாக்கட்டுங்களா?" என்றார் கோகிலா அக்கா.

"நீயா? உழுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டியின்னா இங்க வீட்ட ஆரு பாக்கறது?" என்று மிருதுளா சொல்ல, எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "ஓட்டட்டும் உடு" என்றார் ஐயா.

கோகிலா அக்கா தடுமாறித்தான் ஆரம்பித்தார். ஹேண்டிலை இப்படி ஆட்டி, அப்படி ஆட்டி. அப்போதே எனக்குச் சந்தேகம், ஏனென்றால் ஏறுவதற்கு முன் அவர் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டார். பெடலைக் கால் கட்டைவிரலால் தூக்கி மேலே நிறுத்தினார். இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை அக்கா, கை கால் தானாகச் செய்வது. பாதிச் சுற்றில் தன்ஷி, "அம்மா, இன்னும் வேகமா!" என்று கத்தினாள். அவ்வளவுதான், ஆட்டம் நின்றது. குனிந்து மிதித்தார் பாருங்கள், எதிர்க்காற்றில் மிதிக்கிற மாதிரி. லாரி திரும்புகிற மூலையில் வேகத்தைக் குறைக்காமல் சாய்ந்து திரும்பினார். தன்ஷி மிருதுளாவின் கையை உதறிவிட்டுக் கூடவே ஓடினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

நிறுத்தும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு காலைத் தரையில் தேய்த்து, சைக்கிள் ஓடும்போதே பக்கவாட்டில் குதித்து இறங்கி, கூடவே நாலு எட்டு ஓடி நிறுத்தினார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் நானும் அப்படித்தான் இறங்குவேன். எங்கள் செட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். இலவச சைக்கிளில் பிரேக் ஒரு மழைக்குமேல் நிற்காது, செருப்புத்தான் பிரேக். எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன். அவ்வளவு பெரிய வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில், என் ஆள் ஒருத்தி!

"அக்கா! நீங்களும் கவர்மென்ட் சைக்கிளா! பிளஸ் ஒன்ல குடுத்ததுதானே? கால் தேச்சு எறங்குனீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சிருச்சு!" என்று கத்திவிட்டேன்.

எழுந்திருந்த சரோஜினி அம்மா மறுபடி உட்கார்ந்தார். புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் விளக்கிச் சொன்னேன். அந்த பிரேக் எப்படி இருக்கும், செருப்பு எந்தப் பக்கம் தேயும், எல்லாம்.

"ஏற்காட்டு கான்வென்ட்ல கவருமெண்டு சைக்கிள் குடுப்பாங்களா என்ன?" என்றார் மிருதுளா.

கோகிலா அக்கா புருஷனைப் பார்த்தார். தரணீதரன் குனிந்து தன் சைக்கிள் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் ஏறுது, உள்ள வாங்க" என்றார் சரோஜினி அம்மா. என்னிடம், "நீ சாப்பிட்டுத்தான் போகோணும் கண்ணு" என்றார். அன்று கேசரி போட்டார்கள். முந்திரி எனக்குத்தான் அதிகம் விழுந்தது. கோகிலா அக்கா பரிமாற வரவில்லை.

அப்புறம் நடந்தது பாப்பாத்தி அக்கா கேட்டது. நான் போனதும் கோகிலாவை ஹாலில் நிற்கவைத்துக் கேட்டார்களாம்.

"நல்லாப் படிச்சுட்டிருந்த புள்ளைய எதுக்கு ஹாஸ்டல்ல இருந்து எறக்குனாங்க?"

"எறக்குலீங்கத்தை. அங்க பத்தாவது வரைக்கும்தானுங்க."

"அவ்வளவு பெரிய கான்வென்ட்டு, பத்தாவதோட முடிஞ்சுருமா? ஆருகிட்டக் கத உடற?"

"நெசமாலுங்கத்தை."

"வயசுப் புள்ளைய நடுவுல எறக்கி ஊட்டுக்குப் பக்கத்துல போட்டு வெச்சாங்கன்னா அதுக்கு ஒரே காரணந்தான். ஆரு அந்தப் பையன்?" என்றாராம் மிருதுளா.

தன்ஷி இருந்தாள் அங்கே. 'பையன்னா ஆரு பாட்டி?' என்று அவள் கேட்டதற்கு, 'உங்கம்மாகிட்டக் கேளு' என்றாராம் சரோஜினி அம்மா.

மறுநாள் சரோஜினி அம்மா எனக்கு போன் செய்தார். இது என் காதால் கேட்டது.

"கண்ணு, அந்த சைக்கிளு ஆராருக்குக் குடுப்பாங்க?"

தெரியாததைச் சொல்லக் கூடாதென்று, விசாரித்துத் திருப்பிக் கூப்பிட்டேன். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறுகிற பள்ளி, அங்கே பிளஸ் ஒன் சேர்ந்தவர்களுக்கு என்றேன்.

"கான்வென்ட்டுக்கு?"

"அந்த மாதிரி ஸ்கூலுக்குக் கெடையாதுங்கம்மா."

"ஏற்காட்டுல அந்த ஸ்கூலு, பன்னெண்டாவது வரைக்கும் இருக்குதான்னு நெட்டுல பாத்துச் சொல்றியா? நீ படிச்ச புள்ள. எங்களுக்கெல்லாம் அது பாக்கத் தெரியாது."

பெயரைச் சொன்னார். அடித்தேன். முதலில் வந்ததே அந்தப் பெயர்தான், அந்த இடம்தான், மலைச்சரிவில் சிவப்பு ஓடு போட்ட கட்டடம், வாசலில் மாதா சிலை. "இருக்குதுங்கம்மா, பிளஸ் டூ வரைக்கும் இருக்குது" என்றேன். பின்னால் கோகிலா அக்காவின் குரல் கேட்டது. "அந்தப் புள்ளைகிட்ட போனக் குடுங்கத்தை, அது பசங்க ஸ்கூலுங்க, நான் சொல்றேன்..." சரோஜினி அம்மா போனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாதே என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். எதைச் சொன்னாலும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் அக்கா. காலேஜில் எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கோபியிலிருந்து கோகிலாவின் அப்பா ஓடி வந்தாராம். மகளின் பத்தாவது டிசியைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். ஐயா அதை வாங்கிப் படித்துவிட்டு, "பத்தாவது முடிச்சிருக்குதுன்னுதான் சம்பந்தி இதுல இருக்குது. எதுக்கு அங்கியே சேக்கலைன்னு இதுல இருக்குதா?" என்றாராம்.

"அங்க மேல கெளாஸ் இல்லீங்க."

"நெட்டுல இருக்குதுங்களே. படிச்ச புள்ள பாத்து அனுப்பியிருக்குது." போனை எடுத்துக் காட்டினாராம். கோகிலாவின் அப்பா கண்ணாடி கொண்டு வரவில்லை. போனைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இது வேறங்க, இது வேறங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"மாப்ள, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க பாப்பா உங்ககிட்டச் சொல்லியிருக்குதாமே" என்று தரணீதரனிடம் கேட்டிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவர் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டாராம். ஷிப்மென்ட் இருந்தது என்பது உண்மை. நான் அன்று வேறு விஷயமாகப் பேசியபோது அவரே சொன்னார்.

"கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வரட்டும். நாங்க போய்ட்டு வந்து பேசிக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். தன்ஷி மேலே தூங்கிக்கொண்டிருந்தாளாம். கோகிலா மாடிப்படி ஏறப் போனபோது, "எழுப்பாத, அழுகும்" என்று மிருதுளா படியிலேயே உட்கார்ந்துகொண்டாராம்.

எனக்கு வேலை கூடியதுதான் மிச்சம். ஒரு டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டும், அறைகளை மாற்ற வேண்டும். ஏரி பார்த்த அறையில் மிருதுளாவும் தன்ஷியும், தரணீதரனுக்குத் தனியாக ஒன்று. கடைசி நேரத்தில் ஹோட்டல்காரர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், நான் எழுதிய மெயிலைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டார்கள். சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அவர்கள் புறப்படுவதற்கு முன் கோகிலா அக்கா எனக்கு ஒரு தடவை போன் செய்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று பயந்தேன். ஏன் என்று தெரியாது, எனக்கு எல்லா போனுக்கும் பயம்தான். ஆனால் அவர் திட்டவில்லை.

"அந்தப் பாதைல தண்ணியோரமா வேலி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"எல்லா எடத்துலயும் இல்லீங்க்கா. ஆனா பாதுகாப்பான பாதை."

"தன்ஷிக்கு ராத்திரி ஒருக்கா முழிப்பு வரும். எந்திரிச்சு உக்காந்துக்கும். ஆரும் பேசலைன்னா கதவத் தெறந்துட்டு வெளிய வந்துரும். ஏரி கிட்டவா இருக்குதுன்னீங்களே."

"ஹோட்டல்ல தாழ்ப்பாள் இருக்குதுங்க்கா."

"அந்தத் தாழ்ப்பாள் ஒசரமா இருக்குதான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். பதில் வர இரண்டு நாள் ஆனது. தாழ்ப்பாள் உயரத்தில்தான் இருக்கிறது, குழந்தைக்கு எட்டாது. அதைச் சொல்ல மூன்று தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பிவிட்டேன். என் பங்கை நான் செய்யாமல் விடவில்லை.

பயணம் நன்றாகவே நடந்தது. சுவரில் நீங்கள் பார்க்கிற படம் அவர்கள் அனுப்பியதுதான். மூன்று சக்கர வண்டியில் சரோஜினி அம்மா, பக்கத்தில் ஐயா, முன்னால் தன்ஷி. முகம் தெரியவில்லை, வெயிலுக்குத் தொப்பியை இழுத்துவிட்டிருக்கிறார்கள். பின்னால் பனி. மிருதுளா அங்கே திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டார். எங்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தார்கள், அதையும் காட்டுகிறேன்.

கோகிலா அக்கா இன்னும் கோபியில்தான் இருக்கிறார். அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது என்று பாப்பாத்தி அக்கா சொன்னார். தன்ஷி, அத்தையை மம்மி என்று கூப்பிடப் பழகிவிட்டாளாம். குழந்தைகள் சீக்கிரம் பழகிக்கொள்ளும். எனக்கு வருத்தம்தான் அக்கா. அந்த அக்கா முதலிலேயே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். மனிதர்கள் மறைக்கிறார்கள், பிறகு உண்மை தெரிந்ததும் கஷ்டப்படுகிறார்கள்.

போன மாதம் ஒரு காலேஜ் குரூப்பைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். பஸ் அந்தப் பள்ளி வாசலில்தான் நின்றது. ஓடு, மாதா சிலை எல்லாம் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தன. ஒரே கேட். உள்ளே போனால் பாதை இரண்டாகப் பிரிகிறது, பையன்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். பெயரும் ஒன்றுதான், கடைசி ஒரு வார்த்தைதான் வேறு. அப்படி வைத்தால் யாருக்குத்தான் தெரியும்? வாட்ச்மேனிடம் கேட்டேன். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பக் கூடாதென்று ஆபீசில் இருந்த சிஸ்டரிடமும் கேட்டேன். திரும்பி வந்து சாரிடம் சொன்னபோது, "அவங்க கேட்டாங்களா? கேட்டாச் சொல்லு. அடுத்த வருசம் சுவிஸ் போறாங்க, நம்மகிட்டத்தான் பேசிட்டிருக்காங்க" என்றார். அவர்கள் இதுவரைக்கும் கேட்கவில்லை.

இதோ சார் வந்துவிட்டார். உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள், மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பையன்கள் பள்ளியில்தான் அக்கா பிளஸ் டூ. பெண்கள் பள்ளியில் பத்தாவது வரைக்கும்தான். ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தானாம்.